தமயந்தியின் அங்க அடையாளங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்வது எதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வருகிற விடையிலும் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் நடத்திய முப்பத்து நாலு வருஷத்தில், என் வகுப்பில் சிரித்துச் சிரித்து ஏழு மாணவர்களுக்குத் தாடை கழன்று விழுந்திருக்கிறது.

(ஏழு பேர் இல்லை. ஒரே ஒரு பையனுக்கு விக்கல் வந்தது. அதுவும் ஹாஸ்டல் பூரியால்.)

இந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதைச் சொல்ல வேண்டியவள் என் மனைவி தமயந்தி. அவள் சொல்வதை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. அதனால் நானே அளந்துவிட்டு நானே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ருசியே இல்லை. தானே தனக்கு முதுகு சொறிந்துகொள்வதைப் போல.

அளந்துவிடுவது எங்கள் குடும்பச் சொத்து. வேறு சொத்து எதுவும் கிடையாது. என் நைனா சுப்பன் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர், கரும்பு வெட்டியவர். வருஷத்தில் முந்நூற்று அறுபத்திரண்டு நாள் அவரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மிச்ச மூன்று நாள் ஆடிக் கிருத்திகை. அந்த மூன்று நாளும் திருத்தணியே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். மலையடிவாரத்தில், குளத்துக்குப் பக்கத்தில், ஒரு கீற்றுப் பந்தல். அதில் ஒரு மைக். ஊர் முழுக்கக் கம்பம் நட்டுக் குழாய் ஸ்பீக்கர். கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தைகளை அறிவிப்பது அவர் வேலை.

"பக்தகோடிப் பெருமக்களே! இங்க ஒரு பையன் வந்து உக்காந்துகினு எங்க பந்தலையே தின்னுகினு கீறான். இதுவரிக்கும் இட்லி பதினாலு ஆச்சி. இன்னும் அர மணி நேரத்துல பெத்தவங்க வந்து இஸ்துகினு போகலன்னா, அன்னதானத்துக்குப் பூட்டுதான்!"

ஊரே சிரிக்கும். காவடி எடுத்தவர்கள்கூட அலகு குத்திய வாயோடு சிரிக்க முயற்சி செய்வார்கள். அந்தச் சிரிப்பு அடங்குகிற நேரம் பார்த்து நைனாவின் குரல் வேறு ஆளுடையதாக மாறும். ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது.

"வலது முட்டியில காஞ்ச புண்ணு. மேல் பல்லு ரெண்டு இல்ல. டவுசருக்குப் பொத்தான் இல்லாம அர்ணாக்கயித்துல முடிச்சிப் போட்டுகீது. பேர் கேட்டா கண்ணுன்றான்."

அவ்வளவுதான். அழகான பையன், சிவத்த பையன் என்றெல்லாம் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கேயோ ஒரு தாய் மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வருவாள். சிரிப்பு ஊருக்கு, அடையாளம் தாய்க்கு. அவர் அறிவிப்பில் இரண்டும் பாதிப் பாதி. எனக்கு வந்து சேர்ந்தது சிரிப்புப் பாதி மட்டும்தான் என்பதை நான் புரிந்துகொள்ள எழுபது வயது ஆக வேண்டியிருந்தது.

விரிவுரையாளர் வேலைக்கு நேர்காணல் நடந்தபோது ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் மதிப்பெண்களைப் பார்த்தார்கள், என் சட்டையைப் பார்த்தார்கள், கடைசியில் ஒருவர் கேட்டார்: "உங்க அப்பா என்ன பண்றார்?" அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்களிடம் இந்தக் கேள்வியை எதற்காகக் கேட்பார்கள் என்பது கேட்டவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"தொலைஞ்சு போனவங்கள அவங்கவங்க குடும்பத்துல சேக்கற வேலைங்க" என்றேன்.

ஓரத்தில் இருந்த வயதான பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "வகைப்பாட்டியல்னா அதுதானேய்யா" என்றார். வழியில் கிடக்கிற பெயர் தெரியாத செடியைப் பார்த்து, இலையைப் பார்த்து, பூவைப் பார்த்து, இது இன்ன தாவரக் குடும்பத்துப் பிள்ளை என்று சேர்ப்பதுதானே எங்கள் படிப்பு? ஐந்து பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், இரண்டு பேர் அழுதார்கள். (ஒருவரும் எழவில்லை. வேலை மட்டும் கிடைத்தது.)

அன்று முதல் நைனாவின் மைக்கை வகுப்பறைக்குள் கொண்டுபோய்விட்டேன். மேஜைமேல் ஒரு செடியை வைப்பேன். "பக்தகோடிப் பெருமக்களே!" என்று ஆரம்பிப்பேன். பக்கத்து வகுப்பில் வேதியியல் நடத்துகிறவர் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு ஜன்னலுக்கு வருவார். அப்படி ஒரு நாள், நாகலாபுரம் மலைக்காட்டில் பார்த்த ஒரு கொடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நூத்தி எம்பது அடி! நானே ஏறிப் பார்த்தேன்!"

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். "பதினெட்டு."

துறையில் அந்த வாரம் புதிதாகச் சேர்ந்திருந்த விரிவுரையாளர். அரக்கோணத்து ரயில்வே குடும்பத்துப் பெண். "அந்தக் கொடி பதினெட்டு அடிக்கு மேல போகாது சார். நீங்க ஏறியும் இருக்க முடியாது, தண்டு விரல் கனம்தான்." மாணவர்கள் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக என்னைவிடப் பெரிய கைதட்டல் இன்னொருவருக்குக் கிடைத்தது. அவளைத்தான் கட்டிக்கொள்வது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

நைனாவிடம் அழைத்து வந்தேன். அவர் வழக்கம்போல மார்பை நிமிர்த்தினார். "ஒரு லட்சம் புள்ளைங்கள கண்டுபுடிச்சிக் குடுத்துகீறேம்மா!"

தமயந்தி விரலை மடக்கினாள். "எத்தன வருஷமா மாமா?"

"முப்பத்தோரு வருஷம்."

"வருஷத்துக்கு மூணு நாள். நாளைக்கு இருவது புள்ளைங்கன்னு வச்சாலும் ரெண்டாயிரத்த தாண்டாதே மாமா."

நைனா அவளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "டேய், நானே இத்தினி நாளா எண்ணிப் பாக்கலடா. ரெண்டாயிரம்! யம்மாடி, ரெண்டாயிரமா!" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லட்சம் என்றபோது வராத கண்ணீர் ரெண்டாயிரத்துக்கு வந்தது. அந்தப் பார்வை, காய்ந்த புண்ணையும் இல்லாத பொத்தானையும் எண்ணுகிற பார்வை, எனக்கு வரவில்லையே என்று அவருக்குக் குறை இருந்திருக்க வேண்டும். மருமகளாக வீட்டுக்குள் வந்துவிட்டது.

என் வகுப்புகள் புகழ்பெற்றன. அவளுடைய வேலை நிலைத்தது. துறையின் ஹெர்பேரியத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் காய்ந்த செடிகள் தாளில் ஒட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் கீழேயும் அவள் கையெழுத்து. புதுப் பிள்ளைகளிடம் அவள் சொல்வது ஒன்றுதான்: "காய்ஞ்ச பிறகு எதெல்லாம் தெரியாமப் போகுமோ, அத மொதல்ல எழுதுங்க. நிறம், வாசன, அது நின்ன எடம்." நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "வாங்க, வாங்க, பெருக்கல் வாய்ப்பாடு வருது" என்பாள். முப்பத்தெட்டு வருஷம் எங்கள் வீட்டில் இதுதான் சம்பாஷணை. நான் ஏற்றுவேன், அவள் இறக்குவாள். கொஞ்சல் என்று எங்களிடம் வேறு ஒன்றும் இருந்ததில்லை.

ஓய்வு பெற்றதும் திருத்தணிக்கே வந்தோம். ஒரு நாள் காலை பக்கத்து வீட்டு முருகவேல் பால் வாங்கிக்கொண்டு போனார். கூப்பிட்டு நிறுத்தினேன்.

"நேத்து நம்ம கெணத்தடியில பாம்பு பாத்தீங்களா? பத்தடி!"

சொல்லிவிட்டு, வழக்கப்படி, ஒரு மூச்சு இடைவெளி விட்டேன். அது தமயந்திக்கான இடம். உண்மையில் அது ஒரு முழ நீளத் தண்ணீர்ப்பாம்பு. எங்களைப் பார்த்துப் பயந்து ஓடியது.

தமயந்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "ஆமா, பத்தடி இருக்கும்" என்றாள்.

முருகவேல் "ஐயய்யோ" என்று வீட்டுக்குள் ஓடினார். நான் நின்றேன். கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அவள் ஆய்ந்துகொண்டிருந்த கீரையில் இலைகள் கீழே கிடந்தன, காம்புகள் முறத்தில் இருந்தன.

அதற்கு மருத்துவர்கள் ஒரு பெயர் சொன்னார்கள், மாத்திரை கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்த வைத்தியத்தை நான் ஆரம்பித்தேன். பாம்பைப் பெரிதாக்கினேன். இருபதடி என்றேன். நாற்பதடி என்றேன். பொதட்டூர்பேட்டை பஸ்ஸை அது முழுசாக விழுங்கிவிட்டது என்றேன். தமயந்தி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "அடடா. உள்ள இருந்தவங்க பாவம்" என்றாள்.

கிழவனுக்குத்தான் புத்தி கலங்கிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எந்தப் பொய்யாவது அவளைத் தொட வேண்டும். ஒரே ஒரு முறை அவள் என்னைப் பார்த்து "தப்பு" என்று சொல்ல வேண்டும். அதற்காக நான் அளக்காத அளப்பு கிடையாது. நிலாவில் ஆலமரம் நட்டேன். அரக்கோணத்திலிருந்து அமெரிக்காவுக்கு ரயில் விட்டேன். அவள் எல்லாவற்றையும் நம்பினாள். சில நாள் என்னை "என்னாங்க" என்பாள், சில நாள் "சார்" என்பாள். சார் என்கிற நாட்களில் நான் துறையில் வேலை பார்க்கிற யாரோ.

போன ஆடிக் கிருத்திகைக்குக் காலையிலேயே அடிவாரத்துக்குப் போனோம். கூட்டம் பத்து லட்சம். (இதை வகுக்க வேண்டாம், ஏறக்குறைய உண்மை.) மொட்டை போடும் கொட்டகையைக் கடந்துகொண்டிருந்தபோது தமயந்தி சட்டென்று என் கையை விட்டுப் போய், காலியாக இருந்த ஒரு பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேண்டுதலாம்மா?" என்றார் சவரக் கத்தியோடு இருந்தவர்.

"ஆங்."

"இல்லங்க, வேண்டுதல் எல்லாம் ஒண்ணும் இல்ல. தமயந்தி, எழுந்திரு."

"வரிசையில வாங்க சார்" என்றாள் அவள், கண்டிப்பாக. பரீட்சை மேற்பார்வைக் குரல். பின்னால் நின்ற கும்பல், "ஐயா, உன் தலைல தண்ணி தெளிக்கறதுக்கு ஒரு முடி இருக்குதா? அந்தம்மாவ வுடுயா" என்றது. என் தலை நாற்பது வயதிலேயே வெறுமையாகிவிட்டது. கேலிக்கு நான் பழகியவன். சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அறுபத்தாறு வயதிலும் இடுப்பைத் தொட்ட அந்த முடி ஈரமாகக் கீழே விழுந்தது. சந்தனம் பூசினார்கள். நாற்பது வருஷம் கூட வாழ்ந்து, அன்றுதான் அவள் தலையின் வடிவத்தைப் பார்த்தேன். சின்னத் தலை. இரண்டாயிரம் செடிகளும் இதற்குள்தானா இருந்தன என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அந்தக் காரியம். ஒரு மோர்க்கடையில் நின்றோம். என் இடது கையில் அவள் வலது கை. கடைக்காரன் போகிற காவடி ஒன்றைக் காட்டி, "இன்னா பெரிசு பாத்தீங்களா!" என்றான். என்னிடம் சொல்லலாமா அப்படி? "இதுவா பெரிசு? எங்க நைனா காலத்துல ஒரு பூக்காவடி வந்துது பாரு, ரெண்டு தெரு அடச்சிகினு. இத்தினி அகலம்!" என்றேன்.

அகலத்தைக் காட்ட இரண்டு கையும் வேண்டும்.

விரித்தேன். மடக்கினேன். இடது கைக்குத் திரும்பி வர ஒன்றும் இல்லை.

முகவரிச் சீட்டு அவள் கைப்பையில் இருந்தது. கைப்பை என் தோளில் இருந்தது.

கூட்டத்தில் கத்திக்கொண்டே ஓடினேன். எங்கு திரும்பினாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள், ஆயிரம் தமயந்திகள். ஒவ்வொரு தோளாகத் தொட்டேன். திரும்பிய முகம் ஒவ்வொன்றும் வேறு. மூச்சு வாங்கிக்கொண்டு அறிவிப்புப் பந்தலுக்கு வந்து சேர்ந்தேன். கீற்றுக்குப் பதில் இப்போது தகரம். மைக்கில் இருந்தவர் பங்காரு. அந்தக் காலத்தில் நைனாவுக்கு ஒயர் இழுத்துக் கட்டியவர், என்னை அத்தான் முறை வைத்து 'பாவா' என்று கூப்பிடுகிறவர்.

"பாவா, நீயா? இன்னா ஆச்சி?" என்று எழுந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. மைக்கைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "நான் எதுக்கு? சுப்பன் புள்ள பேசினா ஊரே நின்னு கேக்கும். நீயே சொல்லு."

எங்கள் ஊரில் மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும். தகப்பன் பேசிய மைக் என்று மகனிடம் கொடுத்துவிடுவார்கள்.

"பக்தகோடிப் பெருமக்களே!" என்றேன். குரல் மலை மேல் ஏறி இறங்கி வந்தது. நைனாவின் குரலேதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"காணாமல் போயிருப்பவர் பேராசிரியர் முனைவர் தமயந்தி! உயரம் அஞ்சடி எட்டு அங்குலம்! நடந்து வந்தா காவடிக்காரங்க ஓரமா நின்னு வழி விடுவாங்க! முழங்காலைத் தொடற கூந்தல், அதுல ரெண்டு முழம் மல்லி! வாயத் தொறந்தா பன்னெண்டு நாட்டு விஞ்ஞானிங்க நோட்டு எடுப்பாங்க! பாத்தவங்க மறக்கவே முடியாத முகம்! கண்டவங்க கையோட அழைச்சிகினு வாங்க!"

வெளியே கைதட்டல் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. இன்னும் இரண்டு முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவள் ஒரு அங்குலம் வளர்ந்தாள்.

அழைத்துக்கொண்டு வந்தார்கள். முதலில் கல்லூரிக் கைப்பந்து அணியிலிருந்து ஒரு நெட்டைப் பெண். அப்புறம் மணவூரிலிருந்து வந்த ஒரு ஆசிரியை; பின்னாலேயே அவள் புருஷன், "யாருய்யா என் பொண்டாட்டிய இஸ்துகினு வந்தது?" என்று சட்டையை மடித்துக்கொண்டு. மூன்றாவதாக ஆந்திரப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, நீண்ட பின்னலோடு. "நேனு தப்பிபோலேதய்யா! மா ஆயனே தப்பிபோயாடு!" என்று தொலைந்தது தானல்ல, தன் வீட்டுக்காரர்தான் என்று அழ ஆரம்பித்து, பங்காரு அவருக்காகத் தனியாக ஒரு அறிவிப்பு செய்ய வேண்டியதாயிற்று. அந்த ஆள் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டார்.

ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. பங்காரு மைக்கை அணைத்தார்.

"பாவா, ஆறடி பொம்பளைய ஊரே தேடிகினு கீது. நெசத்த சொல்லு. அக்கா எவ்ளோ ஒசரம்?"

அவருடைய தோளுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன்.

"முடி?"

தோளில் இருந்த அவள் கைப்பையைச் சரி செய்துகொண்டேன்.

"பாவா, உன்னத்தான். முடி?"

"காலையிலதான் மொட்ட போட்டுது."

"யோவ்!" என்று நாற்காலியை விட்டு எழுந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "அத ஏன்யா சொல்லல?"

அந்தக் குழாயில் பேசினால் திருத்தணி முழுக்கக் கேட்கும். மொட்டையடித்த, சுருங்கிப்போன, பேர் கேட்டால் முழிக்கிற ஒரு கிழவியை ஊருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொலைந்தது அவள்தான். நான் தேடச் சொன்னது வேறு ஒருத்தியை.

பங்காரு கேட்டுக் கேட்டு என்னிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிறகு அவரே அறிவித்தார். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. "நாலடி பத்து அங்குலம். மொட்ட, சந்தனம். கண்ணாடிக்கு கறுப்புக் கயிறு. பச்ச ரவிக்கை, வலது கையில ரெண்டு ஊக்கு. பேர் கேட்டா சொல்லமாட்டாங்க. செடி எதனா பாத்தா குந்திக்குவாங்க."

நான்கு நிமிஷத்தில் பங்காருவுக்குப் போன் வந்தது. பஸ் நிலையம் போகிற வழியில், நான்காவது கம்பத்தடியில்.

ஓடினேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று கம்பத்தடியில் துணி விரித்து உட்கார்ந்திருந்தது. நடுவில் தமயந்தி. கையில் ஒரு குப்பைமேனிச் செடி, வாயில் புளியோதரை. அவள் தலைக்கு நேர் மேலே, ஒரு ஆள் உயரத்தில், குழாய் ஸ்பீக்கர். நான் கத்திய கத்தல் அத்தனையும் முதலில் அவள் காதில்தான் விழுந்திருக்கிறது.

"நீங்கதானா சார்?" என்றாள் அந்தக் குடும்பத்துப் பெண் புஷ்பலதா. "ரொம்ப நேரமா இங்கதான் கீறாங்க. யாரோ படியேறப் போயிருப்பாங்க, அவங்க அம்மான்னு நெனச்சிகினு இருந்தோம். மொதல்ல மைக்குல சொன்னது வேற யாரோன்னு..."

நான் தமயந்தியின் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

"வாங்க சார். கேட்டீங்களா மைக்குல?"

"கேட்டேன்."

"எல்லாம் தப்பு."

இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தேன்.

"தப்பு சார், எல்லாமே தப்பு" என்றாள். குரலில் இரண்டு வருஷமாக இல்லாத அந்தக் கறார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். "உயரம் சொல்றான், மொதல்ல அஞ்சடி எட்டு, அப்புறம் ஒம்போது, அப்புறம் பத்து. ஒரு பொம்பள அர மணி நேரத்துல வளருவாளா? முடிய சொல்றான். இந்த ஊர்ல, இன்னைக்கு, முடி ஒரு அடையாளமா? வெட்டிப் போட்டா போச்சி. மறக்க முடியாத முகமாம். இது வர்ணனையா? பிரிச்சிக் காட்டற குணம் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு சொன்னானா? என் ஸ்டூடண்டா இருந்தா பத்துக்கு ஒண்ணு போட்டிருப்பேன்."

புஷ்பலதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு வருஷமாகக் காத்திருந்தது இதற்குத்தானே. என் தமயந்தி, முழுசாக, கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து என்னை வெளுத்து வாங்குகிறாள். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் முகம் மாறியது.

"பாவம் சார் அந்தம்மா. இப்படி ஒரு ஆள் தேடினா எப்படிக் கெடைப்பாங்க? எங்க நின்னுகினு அழுதுகினு இருக்காங்களோ."

"தமயந்தி, அது நீதாம்மா. நான்தான் பேசினேன். உன்னத்தான் தேடினேன்."

அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. "நானா? நான் எங்க சார் தொலைஞ்சேன்? இங்கதான உக்காந்துகினு இருக்கேன்." புஷ்பலதாவைப் பார்த்து, "இல்ல?" என்றாள். புஷ்பலதா இப்போது சிரிக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினாள்.

தமயந்தி புடவையைத் தட்டிவிட்டு எழுந்தாள். என்னையும் கை கொடுத்து எழுப்பினாள். "வாங்க, நாம போய்த் தேடலாம். உங்களுக்கு அந்தம்மாவ தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஒழுங்கா சொல்லுங்க. எப்படி இருப்பாங்க?"

பெருக்குவதற்கு எண்களே அகப்படவில்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "நாலடி பத்து இருப்பாங்க. இடது புருவத்துல குறுக்க ஒரு தழும்பு, அர அங்குலம். மலைக்குச் செடி எடுக்கப் போனப்ப பாறையில விழுந்தது. அந்த எடத்துல மட்டும் முடி மொளைக்காது. யோசிக்கும்போது கட்டை விரலால மோதிர விரல தேச்சிகினே இருப்பாங்க."

"ம். நல்லா இருக்கு" என்றாள். கட்டை விரல் மோதிர விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "இத வெச்சி கண்டுபிடிச்சிடலாம்."

என் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள். படியிலிருந்து இறங்கி வருகிற பெண்கள் எதிரே அலையலையாக வந்தார்கள். ஒவ்வொருத்தியின் இடது புருவத்தையும் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"இவங்க இல்ல."

"இல்ல" என்றேன்.

"இவங்களும் இல்ல சார்."

"இல்ல."

"விடாம பாருங்க" என்றாள்.